பதினைந்து காலடிக்கு ஒரு விளக்கம்

என் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு கரும்புள்ளி உண்டு. அதன் நீளம் பதினைந்து காலடி.

ஓய்வுபெற்ற அன்று கடலூர் அலுவலகத்தில் எனக்குச் சால்வை போட்டு, கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என் பதிவேட்டைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தவள், "சார், இது இன்னா சார்? 'அங்கீகரிக்கப்படாத பாடலில் காணப்படும் பதினைந்து காலடி வித்தியாசத்துக்கு விளக்கம் கோரப்படுகிறது'ன்னு போட்ருக்கு?" என்று எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கேசரியை வைத்துக்கொண்டு சொல்கிற கதையா அது? இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். அந்தப் பெண்ணுக்காகவே எழுதிவிடுகிறேன்.

நான் அரசு விளம்பரக் கலைக்குழுவில் ஆர்மோனியக்காரன். பெயர் தனகோட்டி. பண்ருட்டிப் பக்கம் ஒரு கூத்து ஜமாவில் பெட்டி வாசித்துக்கொண்டிருந்தவனை இழுத்து வந்து நிரந்தர வேலையில் போட்டார்கள். எங்கள் குழு ஊர் ஊராகப் போய், அரசாங்கம் சொல்ல நினைப்பதைப் பாட்டாகப் பாடும். அளவான குடும்பம், சொட்டு மருந்து, கொசு ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு எல்லாவற்றையும் பாடியிருக்கிறேன். அளவான குடும்பத்தைப் பாடிய காலத்தில் எனக்கு நாலு பிள்ளைகள். ஒரு ஊரில் அதைக் கேட்டே விட்டார்கள். பாட்டு எழுதுவதுதான் என் வேலை, பின்பற்றுவது உங்கள் வேலை என்று சொல்லிச் சமாளித்தேன்.

எனக்கு டோலக் வாசித்தவர் லால்பேட்டை காசிம் பாய். ஆறடிக்கு மேல் உயரம். ஜீப்பில் ஏறினால் முழங்கால் மோவாயில் இடிக்கும். நான் ஐந்தடி சொச்சம். நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்து போனாலே ஊர் ஜனம் நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இந்த உயர வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாமல் போனதுதான் இந்தக் கதை.

எங்கள் அதிகாரி சபாநாயகம் சார். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்ததும் டிபன் கேரியரை ஜன்னலில் வைப்பார். மேஜைக் கண்ணாடியைப் பழைய பேப்பரால் மூன்று தடவை துடைப்பார். பிறகு பச்சை மசிப் பேனாவின் மூடியைக் கழற்றி, அதைப் பேனாவின் பின்னால் செருகுவார். அது செருகப்பட்ட பிறகுதான் அவரிடம் பேசலாம். கெட்டவர் கிடையாது. யாரையும் கடிந்து பேசியதில்லை. கோபம் வந்தால் எழுதுவார். பக்கத்து அறையில் இருக்கிறவனுக்குக்கூட 'பார்வை: தங்கள் வாய்மொழி' என்று போட்டுக் குறிப்பு அனுப்புவார். பாட்டு அவருடைய மேஜைக்குப் போனால் கடிதம் போலத்தான் திருத்தப்பட்டு வரும்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போனதில், தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே கரையோரம் பல ஊர்களில் கிணறுகள் உப்பாகிவிட்டன. சிதம்பரம் ரோட்டை விட்டுக் கிழக்கே உள்ளே தள்ளி இருக்கிற வேலாயிக்குப்பமும் அதில் ஒன்று. சின்ன மீனவக் குப்பம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வரும், வந்தால். பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து துளை போட்டார்கள். தொள்ளாயிரம் அடியில் தேன் மாதிரி தண்ணீர் இருந்தது. கூடவே ஒரு கேடும் வந்து சேர்ந்தது. மண்ணின் தன்மையை அளக்க ஒரு கருவியைக் கம்பியில் கட்டி இறக்குவார்களாம். அதன் நுனியில் மாத்திரை அளவுக்குக் கதிரியக்கப் பொருள் இருக்குமாம். அது உள்ளே சிக்கிக்கொண்டது. நாள்கணக்கில் இழுத்துப் பார்த்தும் வரவில்லை. கடைசியில் துளைக்குள் சிவப்புச் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி அடைத்து, மேலே ஒரு எஃகுத் தகட்டைப் பதித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் யாராவது மறுபடி துளை போட்டால் மாத்திரை உடைந்து பொடியாகித் தண்ணீரோடு மேலே வரும். குடித்தவர் கதி அவ்வளவுதான். அதன் வீரியம் அடங்க ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். எங்களுக்குப் புரிந்தது இந்த மட்டில்தான்.

தகட்டில் மூன்று மொழியில் எச்சரிக்கையும் மூன்று இறக்கை வைத்த ஒரு படமும் இருந்தன. குப்பத்தில் அதை 'ஃபேன் தகடு' என்றார்கள். கரண்ட் ஆபீஸ்காரர்கள் போட்டது என்று நினைத்தவர்களும் உண்டு.

2007இல் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தொலைதூரத் தலைமுறையினரை எச்சரிக்கும் பொருட்டு நாட்டுப்புறப் பாடலையும் இசையையும் பயன்படுத்துதல்.' சபாநாயகம் சார் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பேனா மூடி செருகப்பட்டது.

"பத்தாயிரம் வருஷம் கழிச்சு இந்தத் தகடு இருக்குமா? இருக்காது. இந்த எழுத்தை யாராவது படிப்பானா? மாட்டான். ஆனா பாட்டு இருக்கும். வெளிநாட்டுல இதைப் பத்தி ரொம்ப யோசிச்சிருக்காங்க. கதிர்வீச்சு பட்டா நிறம் மாறுற பூனையை வளர்த்து, பூனை நிறம் மாறினா ஓடுன்னு பாட்டுக் கட்டி விடலாமான்னுகூட ஒரு யோசனை இருக்காம்."

காசிம் பாய் மோவாயைத் தடவிக்கொண்டார். "சார், நம்ம தேவனாம்பட்டினம் பூனைங்க நெத்திலி ஜாஸ்தியா போட்டா எந்தக் கலருக்கு வேணா மாறும் சார்."

சார் சிரிக்கவில்லை. 'பூனை: இப்பகுதிக்கு ஏற்றதல்ல' என்று குறித்துக்கொண்டார்.

மறுநாளே வேலாயிக்குப்பத்துக்குப் போனோம். அம்மன் கோயில் வாசல்படியிலிருந்து வடக்கே பார்த்தால் மணலில் தகடு பளபளத்தது. பாட்டென்றால் இடம் தெரிய வேண்டாமா? "பாய், நடந்து எண்ணு" என்றேன். காசிம் பாய் படியிலிருந்து இறங்கி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நாற்பதாவது காலடியில் தகடு. நான் கரையேற்றி வைத்திருந்த ஒரு கட்டுமரத்தின் மேல் பெட்டியை வைத்து, அங்கேயே பாட்டைக் கட்டினேன். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, நான் கட்டியதிலேயே நல்ல பாட்டு அது.

*ஆத்தா படியெறங்கி வடக்கால நாப்பது*
*அங்கதான் மண்ணுக்குள்ள அடங்காத தீயிருக்கு*
*கொத்தாதே குழிக்காதே கொழாயும் எறக்காதே*
*குடிச்சவன் வம்சத்துக்கு விடியாதே விடியாதே.*

தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த பெண்களுக்கு வேறு என்ன வேலை? எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் அஞ்சலை என்று ஒருத்தி. முப்பது வயசிருக்கும். குரல் மீன் ஏலம் கூவிக் கூவி உரமேறிய குரல். இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை எனக்கு முன்னால் பாடினாள். லாரி வருவதற்குள் வட்டமாக நின்று கும்மியடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"தண்ணி கீய இருக்கு, எடுக்கக் கூடாதுன்னு பாட்டா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"இந்த எடத்துல மட்டும்தாம்மா கூடாது. வேற எடத்துல போட்டுக் குடுப்பாங்க."

"எப்போ?"

"மனு குடுங்க."

"அய்ய, மனு குடுக்காததுதான் பாக்கி!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதில் தப்பே இல்லை என்பதால்தான் பிடிக்கவில்லை.

பாட்டு சாரிடம் போனது. பத்து நாளில் பச்சை மசியில் திரும்பி வந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறிப்பு. 'ஆத்தா: எந்த ஆத்தா எனத் தெளிவில்லை, நீக்கவும்.' 'தீ: அறிவியல்படி பிழை.' 'குழாய் இறக்காதே: அரசின் குடிநீர்த் திட்டத்துக்கு முரண்.' 'விடியாதே: அவநம்பிக்கை.' நாற்பதின் மேல் வட்டம் போட்டு, 'இடம் ரகசியம்' என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே உள்ளே போனேன்.

"சார், எடத்தைச் சொல்லாம எப்படி சார் எச்சரிக்கிறது?"

"சொன்னா பீதி வரும் தனகோட்டி."

"பத்தாயிரம் வருஷம் கழிச்சு வர்றவன் எங்க தோண்டக் கூடாதுன்னு எப்படித் தெரிஞ்சுப்பான்?"

"உரிய அலுவலகத்தை அணுகுவான்" என்றார். நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். முகத்தில் ஒரு சலனம் கிடையாது.

அவரே உட்கார்ந்து எழுதி அங்கீகரித்த பாட்டு இது:

*குறிப்பிட்ட இடத்திலே குறிப்பிட்ட ஆழத்திலே*
*குழி தோண்டக் கூடாது குடிமக்களே*
*கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு இருக்கலாம்*
*கவலைப்பட வேண்டாம் குடிமக்களே.*

இதையும் மெட்டுப் போட்டுக் குப்பத்தில் போய்ப் பாடினேன். பாடி முடித்ததும் அஞ்சலை, "எந்த எடம் மாமா?" என்றாள். அதற்குள் நான் மாமா ஆகியிருந்தேன்.

"குறிப்பிட்ட எடம்."

கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காசிம் பாய் டோலக்குக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு வேலை பயம். "இதான் கவர்மெண்ட் பாட்டு. பழசை மறந்துடுங்க. யாரும் பாடக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அதட்டிவிட்டு வந்தேன். சொந்தப் பிள்ளையை ஆற்றோடு விட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் சாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாட்டு பத்தாயிரம் வருஷம் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யோசித்து யோசித்து ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை பத்து பஸ் நிறுத்தம் தேர்ந்தெடுத்தார். ஒரு நிறுத்தத்துக்கு ஆயிரம் வருஷம் என்று கணக்கு. முதல் ஆளுக்கு நான் பாட்டைச் சொல்லிக்கொடுத்து டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அவர் அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். இப்படியே போய் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சாரிடம் பாட்டு வந்து சேர வேண்டும். எழுதி வைக்கக் கூடாது. செல்போன் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியாக உறுதிமொழிப் படிவம் இருந்தது.

பஸ்ஸில் கூட்டமான கூட்டம். காரைக்காட்டில் ஏறிய ஆள், காலையில் ரசாயன ஆலைகளிலிருந்து வீசுகிற நாற்றத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று சேர்த்துக்கொண்டார். ஆலப்பாக்கத்து அம்மாள் கரண்ட் கட்டைச் சேர்த்தாள். புதுச்சத்திரத்தில் ரோட்டுப் பள்ளம் சேர்ந்தது. முட்லூரில் ஏறியவர், விரைவு பஸ்ஸெல்லாம் தன் ஊரில் நிற்பதில்லை என்பதை இரண்டு அடியில் பாடினார், கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே. கண்டக்டருக்குக் கோபம். "யோவ், பாட்டா பாடுற? டிக்கெட் எட்றா மொதல்ல" என்று அவர் கத்தியதும், அதற்குப் பதிலாக இன்னொரு வரி பிறந்தது.

சிதம்பரத்தில் சார் நோட்டுப் புத்தகமும் கையுமாக நிழலில் நின்றார். கடைசியாக வந்த பூக்கட்டுகிற அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பாடினாள். குழாயில் தண்ணி வரல குடிமக்களே, கேட்டாக்கா பதிலில்லே குடிமக்களே. கதிர்வீச்சு எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, காரைக்காட்டிலேயே, இறங்கிப் போயிருந்தது. மிச்சம் இருந்தது 'குடிமக்களே' ஒன்றுதான்.

சார் பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினார். பாவமாகக்கூட இருந்தது. பிறகு, 'செய்தி, உள்ளூர்ப் பிரச்சினைகளின் சேர்க்கையுடன், சென்றடைந்தது' என்று எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது காசிம் பாய் சொன்னார்: "மச்சான், பத்தாயிரம் வருஷம் கழிச்சும் இவன் தண்ணி வரலன்னுதான் பாடுவான்." நான், "ஜனங்க வாயில பாட்டைக் குடுத்தா இதான் பாய் கதி. ஒரு எழுத்து உருப்படாது" என்றேன். அப்படித்தான் நம்பினேன். நாலு வருஷம் நம்பினேன்.

காசிம் பாய் ஓய்வுபெற்று லால்பேட்டைக்குப் போய்விட்டார். 2011 முடிகிற சமயத்தில் 'தானே' புயல் வந்தது. கடலூர் ஜில்லாவில் முந்திரி, பலா, பனை எதையும் அது விட்டுவைக்கவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. வேலாயிக்குப்பத்துக்குத் தண்ணீர் லாரியும் போக முடியவில்லை. பத்திரிகையில் போட்டோ வந்தது. அவ்வளவு வருஷம் மனுவுக்கு அசையாத காரியம் போட்டோவுக்கு அசைந்தது. தொள்ளாயிரம் அடி ஆழ்துளைக் குழாய் போட உத்தரவாகிவிட்டது. விளம்பரப் பாட்டுப் பாட என்னை அனுப்பினார்கள்.

நான் போய் இறங்கியபோது துளை போடுகிற ரிக் வண்டி மணலில் நின்றுகொண்டிருந்தது. இளவயசு இன்ஜினியர் ஒருவர் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன்.

"சார், இங்க ஒரு எடத்துல தோண்டக் கூடாது, தெரியுமா?"

"தெரியும் பெரியவரே. மேப்ல இருக்கு. மூணாவது பனை மரத்துலேர்ந்து அளக்கணும். எங்க பனை மரம்?"

ஒரு பனை நின்றிருந்தால்தானே. கரையும் புயலில் உள்வாங்கி வேறு மாதிரி ஆகியிருந்தது. "தகடு இருக்குமே" என்றேன். தகட்டைக் காணோம். விசாரித்ததில், அஞ்சலை வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் மேல் மூடியாக இருந்தது. மூன்று இறக்கைப் படமும் மூன்று மொழி எச்சரிக்கையும் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று இருந்தன.

"இதை ஏம்மா எடுத்தீங்க?" என்று அலறினேன்.

"நாங்களா எடுத்தோம்? புயல்ல பேந்து வந்து கெடந்துச்சி. நல்ல தகடு மாமா. கூரையே போயிட்ச்சி, மண்ணு வுழுது, குடத்த மூட வேணாமா?" என்றாள் அஞ்சலை. "எடம் எங்களுக்குத் தெரியும்ல. தகடு எதுக்கு?"

அவள் சொன்னதைக் காதில் வாங்குகிற நிலையில் நான் இல்லை. எனக்கு என் பாட்டு ஞாபகம் வந்துவிட்டது. பத்தாயிரம் வருஷத்துக்கு எழுதிய பாட்டு ஐந்தாவது வருஷமே உதவப் போகிறது! கோயில் படிக்கு ஓடினேன். சந்தேகம் வேண்டாமென்று லால்பேட்டைக்குப் போன் போட்டேன்.

"பாய், வடக்கால எவ்ளோ காலடி?"

"நாப்பது மச்சான். அல்லா மேல ஆணையா நாப்பது. ஏன்?"

போனை வைத்துவிட்டு நடந்தேன். நாற்பதாவது காலடி ரிக் வண்டியின் முன் சக்கரத்தில் போய் முடிந்தது. "நிறுத்துங்க! இதான் எடம்! இங்க போட்டா குப்பமே காலி!" என்று கத்தினேன். இன்ஜினியருக்கு முகம் வெளுத்துவிட்டது. விழுந்து கிடந்த பனைகளுக்கு நடுவே வண்டி வடக்கே மட்டும்தான் நகர முடியும். முப்பதடி தள்ளிப் போட்டால் போதுமா என்று கேட்டார். தாராளமாகப் போதும் என்றேன். நான் யார், பாட்டு எழுதியவன். வண்டி உறுமிக்கொண்டு நகர ஆரம்பித்தது. நான் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வியர்வையைத் துடைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் அஞ்சலை ஓடிவந்து, வண்டி போய் நிற்க வேண்டிய இடத்தில், மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எந்திரிங்கம்மா. தண்ணி வேணாமா உங்களுக்கு?" என்றார் இன்ஜினியர்.

"வேணும். இங்க வேணாம். இதான் அந்த எடம்."

"உளறாத அஞ்சலை. நாப்பது அங்க இருக்கு, நான் இப்பதான் எண்ணுனேன்" என்றேன்.

"நாப்பது இல்ல மாமா. அம்பத்தஞ்சு."

"பாட்டுல நாப்பதுன்னு இருக்கு!"

"அம்பத்தஞ்சுன்னுதான் பாடுறோம்." உட்கார்ந்தபடியே கைதட்டிப் பாடிக் காட்டினாள். *ஆத்தா படியெறங்கி வடக்கால அம்பத்தஞ்சு.* மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மறக்கச் சொன்ன பாட்டை மறக்காதது ஒரு பக்கம், அதையும் கெடுத்து வைத்திருக்கிறார்களே! காரைக்காட்டு ஆளும் ஆலப்பாக்கத்து அம்மாளும் கண்ணுக்குள் வந்துபோனார்கள். "எதைக் குடுத்தாலும் இஷ்டத்துக்கு மாத்திடுவீங்களா? அது நான் எழுதுனது! நாப்பது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்ஜினியர் என் பக்கம்தான். படித்தவர்கள் எழுதியவன் பக்கம்தானே நிற்பார்கள். டிரைவரைப் பார்த்து ஹாரன் அடிக்கச் சொன்னார்.

அஞ்சலை அசையவில்லை. "மாமா, எழுதுனது நீதான். யாரு நடந்தது? அந்த நெட்ட பாய். அவுரு காலு இன்னா காலு, என் காலு இன்னா காலு? நீ போன மறுநாளே நாங்க படிலேர்ந்து எண்ணிக்கினு போனோம். நாப்பதுல தகடு வர்ல. நடந்துனே இருந்தோம். அம்பத்தஞ்சுல வந்துச்சி. அப்பவே மாத்திட்டோம். வருசா வருசம் ஆடி கடைசி வெள்ளி கும்மிக்கு முன்னால ஒருக்கா நடந்து பாத்துட்டுதான் பாடுவோம். நீ ஒன் காலால நாப்பது நடந்துட்டு வந்து எங்களத் திட்றியா?"

ஹாரன் நின்றுவிட்டது. நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டேன்.

மண்வெட்டி கொண்டுவரச் சொன்னேன். அஞ்சலை எழுந்து இரண்டடி தள்ளி நின்றாள். மூன்று முழம் மணலை வாரியதும் மண்வெட்டி 'ணங்' என்றது. செக்கச்செவேலென்று சிமெண்ட். இன்ஜினியர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குப்பத்தில் எத்தனை குடம், எத்தனை குழந்தை! அத்தனை பேருக்கும் எமனாக இருந்த இடத்தின் மேல் வண்டியை நகர்த்தி வைக்கச் சொன்னவன் நான். தோண்டாதே என்று பாடியவனே இடம் காட்டித் தோண்டவைக்க இருந்தேன். அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "விடு மாமா, பெரிய மனுசன் அழுவாத" என்று அவள்தான் தேற்றினாள்.

இரண்டு நாள் பனைகளை அறுத்து வழி செய்து, வண்டியைக் குப்பத்தின் மேற்குக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதே தொள்ளாயிரம் அடியில் நல்ல தண்ணீர் வந்தது. முதல் குடம் அஞ்சலைக்கு. திறப்பு விழாவுக்கு சபாநாயகம் சார் வந்தார். அங்கீகரிக்கப்பட்ட பாட்டைப் பாடச் சொன்னார். பெண்கள் ஒரு சிரிப்பும் இல்லாமல், குறிப்பிட்ட இடத்திலே குறிப்பிட்ட ஆழத்திலே என்று பாடினார்கள். சாருக்குப் பரம சந்தோஷம்.

இன்ஜினியரின் அறிக்கையைப் படித்த சாரிடமிருந்து அடுத்த வாரம் எனக்கு அந்தக் குறிப்பாணை வந்தது. அங்கீகரிக்கப்படாத பாடல் எவ்வாறு வெளியானது? அதில் ரகசியமான இடம் எவ்வாறு இடம்பெற்றது? நாற்பது, ஐம்பத்தைந்து ஆகிய இரண்டில் எது சரி? வித்தியாசமான பதினைந்து காலடிக்கு விளக்கம் தேவை. நான் எழுதிய பதில் ஒரே வரி: 'இரண்டும் சரி, நாற்பது காசிம் பாயின் கால், ஐம்பத்தைந்து அஞ்சலையின் கால்.' அதன் மேல் பச்சை மசியில், 'மீட்டரில் தெரிவிக்கவும்' என்று வந்தது. இன்ஜினியர் வந்து கோயில் படியிலிருந்து டேப் வைத்து அளந்து கொடுத்தார். அந்த அளவை ஒரு உறையில் போட்டு, அரக்கு வைத்து, 'ரகசியம்' என்று முத்திரை குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டினார் சார். இனிமேல் பத்தாயிரம் வருஷத்துக்குக் கவலையில்லை என்று என்னிடம் சொன்னார். என்மேல் கோபமெல்லாம் இல்லை. கரும்புள்ளி மட்டும் பதிவேட்டில் நின்றுவிட்டது.

ஓய்வுபெற்ற பிறகு, இந்த ஆடிக் கடைசி வெள்ளிக்கு வேலாயிக்குப்பம் போனேன். புயலில் இடிந்த கோயிலைப் புதுப்பித்திருந்தார்கள். டைல்ஸ் போட்ட புது வாசல்படி. சனங்கள் ஏறி இறங்க வசதியாக, அதை வாசலின் வடக்கு ஓரமாக நகர்த்திக் கட்டியிருந்தார்கள். பீரோவில் அரக்கு வைத்துப் பூட்டிய கணக்கு, ஒரு கொத்தனார் கைபட்டதில் ஐந்து மாதத்தில் வீணாகிப் போயிருந்தது.

பெண்கள் கும்மிக்கு வட்டம் கட்டினார்கள். *ஆத்தா படியெறங்கி வடக்கால அம்பத்தொண்ணு.*

இந்தத் தடவை நான் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிலிருந்து இறங்கினேன். அஞ்சலை கும்மியை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து, என் காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். சிவப்புச் சிமெண்டுக்கு மேல் அவர்கள் நட்டு வைத்திருந்த மஞ்சள் துணி கட்டிய குச்சிக்குப் போய்ச் சேர எனக்கு அறுபத்திரண்டு ஆனது.

"வயசாயிட்ச்சி மாமா ஒனக்கு" என்றாள் அஞ்சலை. "நீ பாடுறப்ப அறுவத்தெரண்டுன்னே பாடிக்க."